இரண்டு படகில விட்ட பார்சல்

...இல்லைப் பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன். நீர் இரண்டு படகில இரண்டு பார்சல் விட்டால், அங்கால இரண்டு பார்சல்தானே இறங்கோணும்? அதில ஒண்டை நீர் திருப்பி எடுத்தாலும் மிச்சம் ஒண்டு இருக்கோணுமோ இல்லையோ? பால்குடிக்குத் தெரிஞ்ச கணக்கு. ஆனால் உவன், பாரிசில இருக்கிற பெடியன், ஒண்டும் வரேல்லை எண்டுறான். ஒண்டும்... வாய் கூசாமல். சரி, விடும். உமக்கேன் உந்தக் கதை. நீர் பாவம், படகுக்கு நிக்கிற ஆள்.

ஆனால் கேளும்.

என்ன எழும்பிறீர்? இரும், இரும். அது நெடுந்தீவுப் படகு. நயினாதீவுப் படகு இன்னும் அங்கால இருந்து வெளிக்கிடவே இல்லை. நான் இந்தக் குறிகட்டுவானுக்கு இண்டைக்கு நேற்று வாற ஆளே? ரீச்சர் எண்டு சொன்னீரெல்லே, அங்கத்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசோ? இங்கிலீசோ படிப்பிக்கிறது? நல்லது, நல்லது. உங்கால, இந்த நிழலுக்கு வாரும். மற்றது பிள்ளை, அந்த நெடுந்தீவுப் படகைப் பாக்காதையும். பாத்தாலும் அந்த நீலத் தொப்பி போட்ட ஆளைப் பாக்காதையும். ஓம், பின்பக்கம், மடியில பையோட. பாக்காதையும் எண்டு சொல்லச் சொல்லப் பாக்கிறீர்.

அவன்தான் குருசுமுத்து. நான் பத்திநாதர். ஊர்காவற்றுறையில போய்ப் பத்தியும் குருசும் எண்டு கேட்டால் ஆரும் காட்டுவினம், ஒரு பெயரைத் தனியச் சொன்னால்தான் முழிப்பினம். ஒரே வள்ளம், ஒரே வலை. என்ரை மூத்தவன் றஜீபனுக்கு அவன்தான் ஞானத்தகப்பன். நான் இஞ்சின் பிடிப்பன், அவன் வலை விடுவான். நான் கதைப்பன், அவன் கதைக்கமாட்டான். அதால எங்களுக்கை ஒருநாளும் சண்டை வந்ததில்லை. சண்டைக்கு இரண்டு வாய் வேணுமெல்லே. இப்ப வந்தது சண்டையில்லை, அதைவிட மோசம்.

எல்லாம் உந்த மெசினால வந்தது. கடலுக்கடியில மீன் நிக்கிற இடத்தைப் படமாக் காட்டிற மெசின் ஒண்டு இருக்குதாம். கண்டறியாத மெசின்! எங்கட அப்பன் தண்ணியின்ரை நிறத்தைப் பாத்து வலை விட்டவர். ஆனால் இப்ப எல்லா வள்ளத்திலயும் பூட்டிறாங்கள், நாங்கள் மட்டும் பாத்துக்கொண்டு நிக்கேலுமே? குருசுவின்ரை மகன் றெக்ஷன் பாரிசில மலிவா வாங்கலாம், பெருநாளுக்கு வரேக்க கொண்டுவாறன் எண்டான். பாதி அவையள், பாதி நான். நல்ல பெடியன், எண்டுதான் அப்ப நினைச்சனான்.

இப்ப என்ரை பாதியைப் பாரிசுக்கு அனுப்போணும். என்ரை றஜீபன் சுவிசில. அவன் போனமுறை வரேக்க என்ரை போனுக்கை ஒரு வொலற், காசுப்பையாம், போட்டுவிட்டவன். பிற்கொயின், கண்ணால காணாத காசு. அப்பா, இனி பாங்கில போய் வரிசையில நிக்கத் தேவையில்லை, உதில கொஞ்சம் போட்டிருக்கிறன், இஞ்ச அமத்தினால் அங்க போகும் எண்டவன். நானும் சரி எண்டனான். அதுக்கை எவ்வளவு கிடக்கெண்டு பாப்பம் எண்டால், சைபர் புள்ளி சைபர் சைபர் எண்டு கோழிமுட்டை அடுக்கின மாதிரிக் கிடக்கு. கடைசியிலதான் ஏதோ நம்பர் வருது. அதைப் பாத்தால் எனக்குத் தலை சுத்தும். சிவப்பு அம்பு எண்டால் போனது, பச்சை அம்பு எண்டால் வந்தது. அவ்வளவு போதும் எனக்கு.

அனுப்பேக்க கேக்குது, கூலி எவ்வளவு தாறாய் எண்டு. மூண்டு படம் போட்டிருக்கு. ஆமை, முயல், ரொக்கற். ஆமை எண்டால் கூலி குறைவு, ஆறுதலாப் போகும். ரொக்கற் எண்டால் அள்ளிக் குடுக்கோணும், பறக்கும். நான் எதை அமத்தியிருப்பன் எண்டு நினைக்கிறீர்? ஓம், ஆமைதான். ஏன் சிரிக்கிறீர்? ஆத்தில போட்டாலும் அளந்து போடோணும். நான் நெடுந்தீவுக்குப் போறதெண்டாலும் தனியார் படகில ஏறமாட்டன், கேட்டுப்பாரும். சேர்விஸ் படகு வரும்வரைக்கும் இதே நிழலில குந்தியிருப்பன். காசைக் கூட்டிக் குடுத்து ஏறுறது எனக்குச் செமிக்காது.

ஆமை போகவே இல்லை. இண்டைக்குப் பாத்தாலும் மணிக்கூட்டுப் படம், நாளைக்குப் பாத்தாலும் மணிக்கூட்டுப் படம். காத்திருக்குதாம். றஜீபனுக்குப் போன் அடிச்சுக் கேட்டன், ஏன்ரா உது, எங்கையடா நிக்குது எண்டு. அவன் விளங்கப்படுத்தினான், அதுவும் எனக்கு விளங்கிற மாதிரி, எங்கட இறங்குதுறையை வைச்சே சொன்னான். அப்பா, அனுப்பின உடனை அது போகாது. ஆக்கள் எல்லாரும் பார்சலைக் கொண்டுவந்து துறையில வைப்பினம். படகுகாரன் வந்து ஆர் கூலி கூடத் தாறானோ அவன்ரை பார்சலைத்தான் முதல் ஏத்துவான். இப்ப அங்க சரியான சனம், உங்கட பார்சலில எழுதியிருக்கிற கூலி அவனுக்குக் கண்ணில தெரியாது எண்டான். எனக்கு நல்லா விளங்கினது. எங்கட படகுகாரங்கள் மாதிரித்தான் அவங்களும்.

அப்ப என்னடா செய்யிறது எண்டன். அவன் சொன்னான், படகில ஏறாத மட்டும் அது உங்கட கையிலதான் அப்பா. பார்சலைத் திருப்பி எடுத்து, கூலியைக் கூட்டி எழுதி, திரும்ப வைக்கலாம். கெதிப்படுத்து எண்டு ஒரு பொத்தான் இருக்கு, அமத்துங்கோ எண்டான். பேந்தும் என்னவோ சொன்னவன். ஆனால் அந்த நேரம் பாத்து மீன் வாங்கிற வான்காரன் வந்து றோட்டில கோர்ன் அடிக்கிறான், விளைமீன் பழுதாகப்போகுது, நான் ஓமடா ஓமடா எண்டு போனை வைச்சிட்டன். ஓம் பிள்ளை, மிச்சம் கேக்கேல்லை. கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? பொத்தானை அமத்தச் சொன்னவன், அமத்தினன். இந்தமுறை முயல். மனம் கேக்காமல்தான். ஆனால் றெக்ஷன் கடையில மலிவு விலை முடியப்போகுது மாமா, மாமா எண்டு வட்ஸ்அப்பில நச்சரிக்கிறான், என்ன செய்யிறது?

இப்பதான் கதை. அமத்தினாப் பிறகு போனைப் பாக்கிறன், இரண்டு வரி நிக்குது. இரண்டு சிவப்பு அம்பு. கீழ பழசு, மேல புதுசு. ஐயோ, இரண்டு தரம் போச்சே எண்டன். ஆனால் யோசிச்சுப் பாக்க, சரி, உது எங்கட முறைதானே எண்டு நினைச்சன்.

என்ன முறையோ? நீர் தீவுக்குப் புதுசெல்லே. இஞ்ச ஒரு முக்கியமான சாமான் எண்டால் ஒரு படகை நம்பி விடமாட்டம். காத்துக் கடலில எந்தப் படகு போகும், எது திரும்பும் எண்டு ஆருக்குத் தெரியும்? நெடுந்தீவில என்ரை தங்கச்சி வீட்டு இஞ்சின் பழுதெண்டால், அதின்ரை சின்னச் சாமான் ஒண்டைச் சேர்விஸ் படகில ஒரு ஆளின்ரை கையில குடுப்பன், இன்னொண்டைத் தனியார் படகுகாரனிட்டைக் குடுப்பன். எது முந்தினாலும் காரியம் நடக்கும். பிந்தி வாறதை அவையள் அடுத்த படகில திருப்பி விடுவினம். சொல்லித் தரத் தேவையில்லை. திருப்பி விடாத ஆளோடை ஒரு தீவிலயும் ஆரும் பிறகு கொடுக்கல் வாங்கல் வைக்காயினம். அதுதான் எங்கட மானம்.

அப்ப நான் என்ன நினைச்சன், ஆமைப் பார்சல் ஒண்டு, முயல் பார்சல் ஒண்டு, இரண்டும் போகுது. றெக்ஷன் ஒண்டைத் திருப்பி விடுவான் எண்டு. ஆனால் பிள்ளை, பாரிசில இருக்கிறவங்களுக்கு எங்கட முறை நினைவிருக்குமோ தெரியாதே. அவனுக்கேன் கரைச்சல், நானே ஒண்டைத் துறையில வைச்சுத் திருப்பி எடுப்பம் எண்டு வெளிக்கிட்டன். இரத்துச் செய் எண்டு இன்னொரு பொத்தான் இருக்கு. முதல் ஆமையை அமத்தினன், அது சாம்பல் நிறமாக் கிடக்கு, அசையுதில்லை. செத்த நண்டு மாதிரி. சரி, ஏதோ ஒண்டு, இரண்டும் ஒண்டுதானே எண்டு மேல நிண்ட முயலை அமத்தினன். உடனை கேட்டுது, இன்னும் கொஞ்சம் கூலி தாறியோ எண்டு. திருப்பி எடுக்கிறதுக்கும் கூலி! எங்கையாவது கேள்விப்பட்டிருக்கிறீரோ? பல்லைக் கடிச்சுக்கொண்டு ஓம் எண்டு அமத்தினன். முயல் போச்சு. அப்ப ஆமை போயிருக்கோணுமெல்லே? நீரே சொல்லும். ரீச்சர்தானே நீர்.

றெக்ஷன் சொன்ன கதையைக் கேளும். மாமா, முதல் ஒண்டு வந்த மாதிரிக் காட்டினது, பிறகு காணேல்லை. இன்னொண்டு வந்த மாதிரிக் காட்டினது, அதையும் காணேல்லை. நீங்களே திருப்பி எடுத்திட்டியள் போல கிடக்கு எண்டான். அவன்ரை வொலற்றில ஒரு அடையாளமும் இல்லாமல் அழிஞ்சிட்டுதாம். என்ரையில சாம்பலா நிக்குது. றஜீபனுக்குச் சொன்னால் தன்ரை வொலற்றில எண்டால் கோடு கீறிக் காட்டும் எண்டுறான். பாத்தீரோ? ஆளுக்கொரு மாதிரி. ஒரே கடலில ஓடுற வள்ளம் எல்லாம் ஒரே வெளிச்சம் போடவேணும் எண்டு கடற்படைகூடச் சட்டம் வைச்சிருக்கு. உவங்களுக்கு ஒரு சட்டமும் இல்லை. ஒருத்தன் அழிப்பான், ஒருத்தன் கீறுவான், ஒருத்தன் சாம்பல் பூசுவான். இடையில எங்களை மாதிரி ஆக்களின்ரை தலை உருளும்.

எனக்குக் கோபம் வந்திட்டுது. வாய்தான் எனக்கு எதிரி, ஞானசவுந்தரி, என்ரை வீட்டுக்காரி, சொல்லுறவள். கரையில வலையில மீன் கழட்டிக்கொண்டு இருந்த எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டன். வந்ததை வைச்சுக்கொண்டு வரேல்லை எண்டுறான், தகப்பன் வளர்த்த வளர்ப்பு எண்டு... ஓம். அதுவும் சொன்னனான். குருசு அங்கதான் நிண்டவன், என்ரை பக்கத்தில, அதே வலையின்ரை மற்றப் பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு. வலையை மடிச்சு வைச்சான். பின்னேரம் வந்து எங்கட கொட்டில் பூட்டின்ரை திறப்பை என்ரை வீட்டு மதில்ல வைச்சிட்டுப் போனான்.

அண்டையில இருந்து வள்ளம் கரையிலதான். ஒருத்தனாக் கடலுக்குப் போகேலாதெல்லே. இஞ்சின் பிடிக்க ஒருத்தன், வலை விட ஒருத்தன். வேற ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாத்தன். ஒருத்தன் கடலுக்கை சத்தி எடுத்தே முடிச்சான். இன்னொருத்தன் என்னைவிடக் கதைக்கிறான் பிள்ளை, வலை விட்டு முடியிறதுக்குள்ள எனக்குக் காதடைச்சுப் போச்சு. வேண்டாம் எண்டு விட்டிட்டன்.

ஆனால் ஒண்டு சொல்லோணும். கடவுள் ஒரு கதவை மூடினால்... அட, அதைச் சொல்ல மறந்துபோனன். அந்தப் பொத்தானை அமத்தின நாள் பின்னேரமே என்ரை மகன் றஜீபன் ஒரு சொல்லுச் சொல்லாமல் எனக்குக் காசு அனுப்பியிருக்கிறான் பாரும். வொலற்றில பச்சை அம்பு. அதுவும் நேரான அம்பில்லை, வளைஞ்ச அம்பு, மோதிரம் மாதிரி. ஏதோ பரிசுக்குப் போடுற அடையாளமாக்கும். தகப்பன் கவலைப்படுவான் எண்டு தெரிஞ்சு, நான் அனுப்பின அதே அளவு, கொஞ்சந்தான் குறைய. சுவிசில வரி வெட்டியிருப்பாங்கள். போன் எடுத்துச் சொன்னால், அப்பா நான் ஒண்டும் அனுப்பேல்லை எண்டுறான். அடக்கத்தைப் பாத்தீரோ? இதுதான் வளர்ப்பு. இதையும் கரையில எல்லாருக்கும் சொன்னனான், குருசுவின்ரை காதில விழுகிற மாதிரி.

யாழ்ப்பாணத்தில உதை ரூபாயா மாத்தித் தாற பெடியன் ஒருத்தனிட்டை அதில கொஞ்சத்தை மாத்தி, எங்கட கரை ஆக்களுக்கு ஒடியற்கூழ் காய்ச்சிக் குடுத்தன். நண்டு, றால், திருக்கை, எல்லாம் போட்டு. குருசுவைக் கூப்பிடேல்லை. கூப்பிடாமல் விட்டதும் சரி, கூழ் வாயில வைக்கேலாமல் போச்சு. புளி கூடி, மா கட்டிபட்டு... இவ்வளவு காலமும் கூழ் காய்ச்சினது அவன்தானே. எனக்குச் சாப்பிட மட்டுந்தான் தெரியும். எல்லாரும் நல்லம் நல்லம் எண்டு குடிச்சினம், ஒருத்தரும் இரண்டாம் தரம் கேக்கேல்லை. எனக்கு அண்டைக்கு இரவு... சரி, அதை விடும்.

உதோ? உது சும்மா ஒரு சாப்பாட்டுப் பார்சல். ஞானசவுந்தரி கட்டித் தந்தவள். புட்டும் ஓராக் கருவாட்டுப் பொரியலும். எனக்கில்லை, நான் சாப்பிட்டிட்டன். அவள் சொல்லுறாள், குருசண்ணை இண்டைக்கு நெடுந்தீவுக்குப் போறாராம், அங்க ஆற்றையோ வள்ளத்தில தொழிலுக்குச் சேர்ந்திட்டாராம், இனி அங்கதான் தங்கிறாராம், இதைக் கொண்டுபோய்க் குடுங்கோ எண்டு. நான் மாட்டன் எண்டுதான் வெளிக்கிட்டனான். கயிறு வாங்க வந்தனான். ஊர்காவற்றுறையில கயிறு இல்லையோ எண்டு கேக்கிறீர். இருக்கு. ஏன் இல்லாமல்? இஞ்சத்தக் கயிறு... சரி பிள்ளை, என்னை அதிகம் கேளாதையும்.

நான் நாலு தரம் எழும்பினனான், நாலு தரமும் இருந்திட்டன். நான் ஏன் போகோணும்? பிழை விட்டவன் அவன்ரை மகன். இந்தா, நம்பாட்டில் நீரே பாரும் போனை. இங்கிலீசு ரீச்சரெல்லே. இந்தா, கீழ ஆமை. சாம்பல். பக்கத்தில என்ன எழுதியிருக்கு? வாசியும். மாத்தப்பட்டது... என்னத்தால மாத்தப்பட்டது? மேல இருக்கிறதால? அதெப்படி? இரண்டும் வேற வேற பார்சலெல்லே.

ஒரே பார்சலோ?

நில்லும். ஆறுதலாச் சொல்லும். இரண்டாவது வைச்ச உடனை முதலாவது இல்லாமல் போயிடும்... ஓம், ஓம், றஜீபனும் திருப்பி எடுத்து எண்டுதான் சொன்னவன், திருப்பி எடுத்து, கூலியைக் கூட்டி எழுதி... அதுக்குப் பிறகுதான் அந்த வான்காரன்... சரி. அப்ப இருந்ததே ஒண்டு. முயல் மட்டுந்தான். அதை நான்...

இல்லை, பொறும், மற்றதையும் வாசியும். உந்த வளைஞ்ச அம்பு. பரிசு. அதில என்ன எழுதிக் கிடக்கு? உமக்கே எண்டால்? ஆருக்கே? அனுப்பினது ஆர்? நானோ? நான் எனக்கே அனுப்பினனானோ? இரத்துச் செய்யிறது எண்டால் அப்படித்தானோ... கூலியைக் கூட்டிக் குடுத்து, அதே பார்சலைத் தன்ரை வீட்டு விலாசத்துக்கே...

...

பிள்ளை, அந்தக் கூழ்.

அந்தக் கூழ் மெசின் காசில காய்ச்சினது. பெடியன் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான். மாமா, நீங்களே திருப்பி எடுத்திட்டியள் எண்டு மரியாதையாச் சொன்னவன். நான் அவனுக்குப் போகவேண்டிய காசையே கூழாக் காய்ச்சி ஊருக்கு ஊத்தி, ஊத்தி ஊத்தி அவனைக் கள்ளன் எண்டு சொல்லியிருக்கிறன். குருசு அந்தக் கூழ் வாசம் தன்ரை வீட்டில இருந்து மணந்திருப்பானே. பக்கத்து வளவெல்லே. மாதாவே... என்ரை முகத்தை எங்க கொண்டுபோய் வைக்க.

என்ன? உம்மட படகு வந்திட்டுதோ? நீர் போம், போம். இல்லை, நில்லும். அங்க பாரும், நெடுந்தீவுப் படகில கயிறு அவிழ்க்கிறாங்கள். ஓம் ஓம், இப்ப பாக்கலாம், நல்லாப் பாரும், நீலத் தொப்பி இன்னும் இருக்கெல்லே? உந்தப் பையைப் பிடியும் ஒருக்கா. இல்லை, தாரும், அதுதானே சாப்பாடு.

தம்பி! கயிறைப் பிடி. ஒரு ஆளுக்கு இடம் விடு. நிறைஞ்சிட்டுதோ? நிறைஞ்சாலும் பாப்பம். அண்ணை, ஓம் நீங்கள்தான், குடையோட இருக்கிற அண்ணை, அவசரமோ? அடுத்த படகில வாருங்கோவன், உங்கட காசு என்ரை. இல்லை, அந்தக் காசில்லை, அதின்ரை இரட்டை. காணாதோ? சரி, இன்னும் போடுறன். இறங்குங்கோ, கையைத் தாருங்கோ, பாத்து, பாசி. தம்பி, நீயேன் வாயைப் பிளக்கிறாய்? ஓம், பத்திநாதர்தான். கூலி கூட்டிக் குடுத்துத்தான் ஏறுறன். போய் ஊர் முழுக்கச் சொல்லு.

பிள்ளை, போட்டு வாறன். நல்லாப் படிப்பியும். பிள்ளையளுக்குச் சொல்லும், ஆரும் விளங்கப்படுத்தினால் கடைசி மட்டும் கேக்கச் சொல்லி.

குருசு... ஓம், நான்தான். அங்கால பாராத. கடலைப் பாத்தால் கடல் உனக்கு மறுமொழி சொல்லுமே? பெடியனுக்கு அடி, போனைத் தா, முதல் அவனோட கதைக்கோணும். உன்னோட பேந்து. நெடுந்தீவு போய்ச் சேருமட்டும் நேரம் கிடக்கு, நான் எல்லாம் சொல்லுறன், நீ ஒண்டும் கதைக்க வேண்டாம், நீ எப்ப கதைச்சனி. இந்தா, சவுந்தரி கட்டித் தந்தவள், ஓராக் கருவாடு. பையை எடு. கொஞ்சம் அங்கால அரக்கி இரன்ரா.

இன்னும் கொஞ்சம்.